ஒரே பந்தி இறால்

"நாளைக்குக் காலையில இறாலோட குடலை அறுத்துப் பார்க்கப்போறோம். பவுடர் ஒண்ணாம் தொட்டிக்கு மட்டும்தானே போட்டே?" என்றார் விஞ்ஞானி ஜகந்நாதன்.

"ஆமா சாப்," என்றான் தொட்டிகளுக்குத் தீனி போடும் காத்தவராயன். பச்சைப் பொய்.

டெல்லியில் கடல் கிடையாது. ஆனாலும் ஆராய்ச்சிக்கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி இரண்டு கட்டி இறால் வளர்த்தார்கள். சர்க்கார் பணம், யார் கேட்பது? தீனியில் பவுடர் கலந்தால் இறால் குடலில் நல்ல கிருமி பெருகுமாம், கெட்டது ஒழியுமாம். நல்லது கெட்டது என்று கிருமி நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? காத்தவராயன் நம்பவில்லை. ஆனால் ஒரே பந்தியில் ஒருத்தனுக்குப் பாயசம், பக்கத்து இலைக்கு இல்லை என்றால் அவனுக்குக் கை வராது. மூன்று மாதமாக இரண்டு தொட்டிக்கும் சமமாகப் போட்டுவிட்டான்.

இரண்டு குடலும் ஒன்றுபோல இருந்தால் குட்டு உடைந்துவிடும். ஏழு வருடமாகத் தினக்கூலி. இந்த ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்தால் வேலை பக்கா, நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

மத்தியானமே இரண்டாம் தொட்டியில் இருக்கிற பவுடரைக் கழுவிவிடலாம் என்று தண்ணீரை மாற்றினான். குழாய்த் தண்ணீர். உப்பு இல்லாமல் பாதி இறால் மல்லாந்தது. பதறிப்போய் உப்பை அள்ளிக் கொட்டினான். கணக்குக் குறையுமே என்று ஒண்ணாம் தொட்டியிலிருந்து கொஞ்சம் பிடித்து இங்கே விட்டான். இப்போது அங்கே குறைந்தது. இங்கே பிழைத்திருந்ததில் கொஞ்சம் அங்கே போனது.

டைப்பிஸ்ட் காந்திமதி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, இறாலுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டரா?"

"உன் வேலையப் பாரும்மா, ஜல்தி."

எது எந்தத் தொட்டி இறால் என்று அவனுக்கே தெரியவில்லை.

காலையில் ஜகந்நாதன் கத்தியோடு வந்தார். காத்தவராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாப், ரெண்டுக்குமே போட்டுட்டேன். பந்தியில வஞ்சன பண்ண மனசு வரல. அப்புறம் தண்ணிய மாத்தினேன், செத்துச்சு. மிச்சத்த மாத்தி மாத்தி விட்டேன். எல்லாம் கலந்துபோச்சு."

ஜகந்நாதன் நாற்காலியில் சரிந்தார்.

"அடப்பாவி, சயின்ஸ்னா சத்தியம்டா. ரெண்டு தொட்டிக்கும் என்ன வித்தியாசம்னு இனிமே எப்படித் தெரியும்? பொய் சொல்ற ஆளுக்கு இங்க இடம் கிடையாது. நாளையிலேர்ந்து வராதே."

காந்திமதி கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, புத்தகக் கட்டோடு உள்ளே வந்தாள்.

"சார், இறால் ரிப்போர்ட் அச்சாகி வந்தாச்சு. போன மாசம் நீங்க எழுதிக் கொடுத்த நாற்பது பர்சென்ட் வித்தியாசம் அப்படியே இருக்கு, எங்க வைக்கட்டும்?"