கால் பாய் வெற்றி

குராஹாஷி தொகுஜி அன்று காலை மிசோ சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்ப்பு இல்லை, மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தரையில் எட்டுப் பாய் கொள்ளும் முன்னறையை மீட்பது என்பது தீர்மானம்.

ஒரு காலத்தில் பதினோரு நாள் ரயிலை நிறுத்தியவர் அவர். சங்கத்தை உடைத்தார்கள். வேலையைப் பறித்தார்கள். கூட நின்றவர்களில் பாதிப் பேர் மேலாளர்களாகி இப்போது தொட்டியில் குட்டை மரம் வளர்க்கிறார்கள். அவர் மட்டும் வளையவில்லை. அந்த வளையாத மனிதர்தான் தினமும் சொந்த வாசலில் குனிந்து, பன்னிரண்டு ஜோடிப் பெண்கள் செருப்புக்கு நடுவே தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மனைவி மிசாவோவின் தையல் வகுப்பு செய்த வேலை. முன்னறையின் மூலையில் இரண்டு பேரோடு ஆரம்பித்தது. மூலை அறையானது. அறை போதாமல் பக்கத்து ஆறுபாய் அறையும் போனது. ஏகாதிபத்தியம் இப்படித்தான் பரவும் என்று அவரே துண்டறிக்கை எழுதியிருக்கிறார். தன் வீட்டில் பரவும் என்று எழுதவில்லை.

முந்தின வாரம் பேச்சுவார்த்தையும் நடத்திப் பார்த்தார்.

"மிசாவோ, அடுத்த மாசம் வேலைநிறுத்தத்தோட முப்பதாவது ஆண்டு. கூட்டத்துக்கு முன்னறை வேணும்."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"மொத்தக் கமிட்டியும்."

"நாலு பேர்தானே? மாடியில வைங்களேன்."

"ஒகாவாவுக்கு முட்டி மடங்காது. மாடி ஏற மாட்டான்."

"எதுக்கும் மடங்க மாட்டோம்னு நீங்கதானே அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்க? போன தடவை மாதிரி சமையலறையில உட்காருங்க."

போன தடவை ஊறுகாய் ஜாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். அறிக்கை முழுக்க முள்ளங்கி வாடை.

ஆகவே அவர் நகராட்சி விதிப் புத்தகத்தைப் பிரித்தார். குடியிருப்புப் பகுதியில் வீட்டிலேயே தொழில் செய்யலாம். ஆனால் தொழில் நடக்கும் இடம் வீட்டில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். உடனே பாய்க் கணக்கில் வீட்டை அளந்தார். வகுப்பு நடப்பது எட்டும் ஆறும் பதினாலு பாய். சமையலறையும் குளியலறையும் நாலரை. மாடி பத்து. ஆனால் மாடிக் கதவில் 'போராட்ட வரலாற்றுக் குழு, தலைமையகம்' என்று பலகை தொங்குகிறது. தலைமையகம் எப்படிக் குடியிருப்பாகும்? கழித்துவிட்டார். குடியிருக்க மிஞ்சியது நாலரை பாய். மிசாவோ தொலைந்தாள்.

'நேர்மையான குடிமகன்' என்று கையெழுத்திட்டு நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினார். காட்டிக்கொடுப்பவர்களைச் சாடி அவர் எழுதிய அறிக்கைகள் மட்டும் மூன்று. அவை இருந்த பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் எழுதினார். தானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டார்.

கொஞ்ச நாளில் ஆள் வந்துவிட்டார். நெசு என்ற இளம் அதிகாரி, கையில் அளவு நாடா. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் புகாரைப் படிக்கப் படிக்கப் பன்னிரண்டு கத்தரிக்கோலும் நின்றன.

"யாரோ காட்டிக்கொடுத்திருக்காங்க," என்றாள் மிசாவோ.

"எந்தப் பயலோ. கையில கிடைச்சா வாயைத் தைச்சுடலாம் டீச்சர்," என்றாள் வகுப்பிலேயே மூத்தவளான தாபுச்சி அம்மாள். "இரட்டைத் தையல்."

தொகுஜி உதட்டைத் தடவிக்கொண்டார்.

"நம்ம ஐயா இருக்கறப்ப என்ன பயம்? ரயிலையே நிறுத்தினவர். இந்தத் தம்பியை நிறுத்த மாட்டாரா?" என்றாள் தாபுச்சி அம்மாளே.

நடுநிலை வகிப்பது என்றுதான் அவர் நினைத்திருந்தார். நெசு கெடுத்தார்.

"பெரியவரே, கொஞ்சம் ஓரமா உட்காருங்க. இது சட்ட விஷயம். உங்களுக்குப் புரியாது."

முப்பது வருஷத்துக்கு முன் இதே வார்த்தையை ஒரு கோட்ட மேலாளர் சொன்னார். அன்றைக்கும் தொகுஜி ஓரமாக உட்காரவில்லை.

"தம்பி, எந்த விதி? எத்தனாவது பிரிவு? வாசிங்க."

"பாதிக்குக் குறைவா இருக்கணும். இங்கே பாதிக்கு மேல இருக்கு."

"மாடியைக் கணக்குல சேர்த்தீங்களா?"

"மாடி தலைமையகம்னு புகார்ல இருக்கு."

"புகார்ல ஆயிரம் இருக்கும். எழுதினவன் முட்டாள்."

"நீங்களே சொல்லுங்க. மாடி அலுவலகம்னா வகுப்பை மூடணும். வீடுன்னா வேற கணக்கு. அது என்ன?"

பன்னிரண்டு பெண்கள் அவரையே பார்த்தார்கள். மிசாவோ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் முப்பது வருஷக் காகிதம் இருந்தது. தடியடியில் செத்த ஒரு தோழனின் தொப்பி இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அது நான் படுக்கற அறை."

"அப்போ அந்தப் பலகை?"

"சும்மா, தமாஷுக்கு மாட்டினது."

எந்தத் தடியும் அவரை அப்படி அடித்ததில்லை. ஆனால் களத்தில் இறங்கிய பிறகு பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மாடிக்குப் போய்த் தன் கையாலேயே பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து அதிகாரி முன் வைத்தார்.

நெசு திரும்ப அளந்தார். மொத்தம் இருபத்தெட்டரை பாய். பாதி பதினாலே கால். வகுப்பு பதினாலு.

"கால் பாய் குறைவா இருக்கு," என்றார் நெசு, மனமில்லாமல்.

"குறைவுன்னா குறைவுதான். வகுப்பு நடத்தலாம்னு எழுதுங்க. முத்திரை குத்துங்க. தேதி போடுங்க."

எழுதினார், குத்தினார், போட்டார், போனார். பெண்கள் கைதட்டியதில் ஜன்னல் அதிர்ந்தது. தாபுச்சி அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்த முஷ்டி பதினோராம் நாளுக்குப் பிறகு இன்றுதான் மேலே போனது. முப்பது வருஷம் கழித்து ஒரு முழு வெற்றி. யாரை வென்றோம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மிசாவோ தேநீர் ஊற்றினாள். பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்.

"அந்தக் கோள்சொல்லி யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

"தெரியும்."

கோப்பை பாதியில் நின்றது.

"பேரில்லாத கடிதத்தோட உறைக்குப் பின்னாடி யாராவது விலாசத்தோட தலைமையக முத்திரை குத்துவாங்களா? தபால்தலை வேற ஒட்டலை. தபால்காரர் நம்ம வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். வேற உறையில போட்டு நான்தான் அனுப்பினேன்."

"உன் வகுப்பையே மூடச் சொல்ற கடிதத்தையா?"

"அனுமதி கேட்டு நான் விண்ணப்பம் போட்டு எட்டு மாசமாச்சுங்க. யாரும் எட்டிப் பார்க்கலை. உங்க புகார் போன எட்டாம் நாள் ஆளே வந்துட்டார்."

"அந்த ஆள் மூடிட்டுப் போயிருந்தா?"

"அதிகாரி ஒண்ணு சொல்லி நீங்க எதிர்த்துப் பேசாம இருந்த நாள் உண்டா?" முத்திரைக் காகிதத்தை முன்னறைச் சுவரில் வைத்துப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்தாள். "தெருமுனை விளக்கு ஒரு வருஷமா எரியலை. அதுக்கும் ஒண்ணு எழுதி வைங்க. தபால்தலை நான் ஒட்டிக்கறேன்."