சமத்துவத்துக்கு ஓவர்டைம் கிடையாது

"போட்டோவில் எல்லாரும் ஒரே இனமாகத் தெரிகிறார்கள். வேற்றுமை எங்கே?" என்று வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து மெயில் வந்தபோது, அன்புராஜ் கம்பெனி கேட்டுக்கு வெளியே நர்மதாவின் தள்ளுவண்டியில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் போட்டோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அவன் நம்பியிருந்தான். ஆபீஸ் ஆட்கள் வரிசையாக நின்று, கைகோத்து, 'சமத்துவமே எங்கள் நிறம்' என்ற பேனருக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் சம்பள உயர்வுக்குக்கூட நின்றதில்லை.

கம்பெனி தயாரிப்பது பெயின்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது அதன் பல கிளைகளில் ஒன்று. எங்கோ ஒரு தேசத்தில் கறுப்பின மக்கள் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கியதும், தலைமையகத்துக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. இன சமத்துவத்துக்கென்று பெரிய தொகையை அறிவித்து, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதில் ஒரு பங்கை அனுப்பி, மார்ச் முடிவதற்குள் செலவழித்துப் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

ஜி.எம். சுப்பராயன் குழம்பிப்போனார். "நம்ம ஊர்ல இனம் எங்கப்பா இருக்கு? ஜாதி இருக்கு. அதுக்கு ஃபண்டு இல்ல" என்றார். பிறகு, தனக்குப் புரியாத எல்லா வேலையையும் செய்வதுபோல, இதையும் அன்புராஜ் தலையில் கட்டினார்.

அன்புராஜ் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவன். எச்.ஆர். அசிஸ்டென்ட். ஆனால் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆள் என்பதால் கழுத்தில் மஞ்சள் டேக். பர்மனென்ட் ஆட்களுக்கு நீல டேக். நீலம் ஏ.சி. கேன்டீனில் சாப்பிடும், மஞ்சள் பின்பக்கத் தகர ஷெட்டில் சாப்பிடும். நீலங்களுக்கு நடுவில் வேலை செய்துவிட்டு மஞ்சள்களோடு போய் உட்காரக் கூச்சப்பட்டு, அவன் இரண்டு வேளையும் நர்மதாவின் வண்டிக்கு வந்துவிடுவான். ஆபீஸில் அவனுக்குக் கொடுத்த நாற்காலிகூட யாரோ குள்ளமானவருக்காக இறக்கி வைத்தது. எவ்வளவு திருகினாலும் மேலே ஏறாது.

"இந்த சமத்துவத்தை நல்லபடியா முடிச்சுக் குடு. ஏப்ரல்ல உனக்கு ப்ளூ டேக்" என்று சொல்லியிருந்தார் சுப்பராயன். கவரைப்பேட்டையில், அவனுக்குப் பேசிவைத்திருந்த பூமிகாவின் அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். "பர்மனென்ட் ஆவட்டும் தம்பி, பத்திரிகை அடிக்கலாம்."

"இன்னா தம்பி, போட்டோ திரும்பிச்சா?" என்றாள் நர்மதா.

"உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"மொத போட்டோ எப்பவும் திரும்பும். மூணாவதுதான் ஓகே ஆவும்." வண்டிக்குப் பின்னால் பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால்தான் அவளுக்கு இட்லிப் பானை எட்டும். அங்கிருந்தே எட்டி அவன் போனைப் பார்த்தாள். "டைவர்சிட்டின்னா வேற வேற மூஞ்சி வோணுமாம். ஒடிசா பசங்கள நிக்க வெய்யி."

"இங்கிலீஷ் படிப்பீங்களாக்கா?"

நர்மதா சட்னிக் கரண்டியால் வண்டியின் போர்டைக் காட்டினாள். அதில் அவளுடைய பெரிய போட்டோ. 'கையெழுத்துப் போடவும் தெரியாத பெண், இன்று தொழில்முனைவோர். பெண்கள் முன்னேற்றத் திட்டம்' என்று எழுதி, கம்பெனி முத்திரை.

"தெரியாதுன்னு போட்டுக்கீறாங்களே" என்றாள்.

அன்புராஜ் சிரித்தான். வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை பிடித்துவிட்டாள், பாவம். கம்பெனி செய்வதெல்லாம் வெறும் போட்டோவுக்குத்தான் என்று நண்பர்கள் யாராவது கிண்டல் செய்தால், அவன் உடனே நர்மதாவைத்தான் உதாரணம் காட்டுவான். கண்ணெதிரே ஒரு பெண் முன்னேறி நிற்கிறாள், சுடச்சுட இட்லியோடு. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

நேராக லேபர் கான்ட்ராக்டர் குணாவிடம் போனான்.

"ஆளுங்கள தர்றேன். ஆனா லைன்ல இருந்து எறங்குனா அவனுங்களுக்கு அர நாள் கூலி கட்" என்றார் குணா.

"இது இன சமத்துவத்துக்கு, அண்ணே."

"சமத்துவத்துக்கு ஓவர்டைம்லாம் கெடையாது நைனா."

ஒடிசா ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பிஸ்வஜித் என்பவனுக்குத் தமிழ் வரும். "சார், போட்டோ எடுத்தா நாங்க தூங்குற ஷெட்டுக்கு ஃபேன் வருமா?" என்று கேட்டான்.

"இந்த ஃபண்டு ஃபேனுக்கு இல்லப்பா. சமத்துவத்துக்கு."

"சரி சார்" என்றான் பிஸ்வஜித். அதற்கும் ஃபேனுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்தது தன் தப்புதான் என்பதுபோல.

மஞ்சள் டேக் போட்டோவில் கண்ணை உறுத்துகிறது என்று சுப்பராயன் சொன்னதால், எல்லாருக்கும் ஸ்டோரிலிருந்து புது நீல டேக் எடுத்து மாட்டினான் அன்புராஜ். போட்டோகிராபர் சாலமோன் கல்யாண வீடுகளில் பழகியவர். "ஒடிசா சைடு அப்படி, ஆபீஸ் சைடு இப்படி. தாலி கட்டறப்ப பாக்கற மாதிரி ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிங்க" என்றார். அக்கவுன்ட்ஸ் மேனேஜர் மட்டும் கேமராவைப் பார்த்தே சிரித்தார்.

போட்டோ முடிந்ததும் சாப்பாட்டு மணி அடித்தது. கழுத்தில் நீலம் தொங்க, பிஸ்வஜித்தும் கூட்டாளிகளும் நேராக ஏ.சி. கேன்டீனுக்குள் போய்த் தட்டெடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி டேக்கைப் பார்த்தான், விட்டுவிட்டான். அவன் வேலை டேக்கைப் பார்ப்பது மட்டும்தான்.

மீன் வறுவல் தீர்ந்தது. அக்கவுன்ட்ஸ் மேனேஜர் காலித் தட்டோடு ஜி.எம். அறைக்கே போய் நின்றார். சுப்பராயன் அன்புராஜைக் கூப்பிட்டு, "சமத்துவம் போட்டோவோட முடிஞ்சுது அன்பு. போய் டேக்கை வாங்கிட்டு வா" என்றார்.

அன்புராஜ் மேஜை மேஜையாகப் போய்க் கழற்றி வாங்கினான்.

"சாப்ட்டு முடிச்சு குடுக்கட்டுமா சார்?" என்று கேட்டான் பிஸ்வஜித். கையில் பாதி மீன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுப்பராயன் நிற்பதை அன்புராஜ் பார்த்தான். ஏப்ரல் மாதத்தை நினைத்தான்.

"இல்லப்பா. இப்பவே."

அவர்கள் எழுந்து, தட்டோடு பின்பக்க ஷெட்டுக்குப் போனார்கள். சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தலைமையகம் அந்தப் போட்டோவையும் ஏற்கவில்லை. முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் தோலின் நிறங்களில் இன்னும் விரிவு வேண்டும் என்று பதில் வந்தது.

சுப்பராயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெயின்ட் கம்பெனியப் பாத்து கலர் பத்தலைங்கறாங்க. சிஃபாவைக் கூப்பிடு."

பழவேற்காட்டிலிருந்து வரும் சிஃபா, கலர் லேபில் வேலை பார்ப்பவள். பெயின்ட் அடித்த தகட்டின்மேல் ஒரு சின்ன மெஷினை வைத்து அழுத்தினால், அது எந்த நிறம் என்று நம்பர் காட்டும். அதை ஆட்களின் கையில் வைத்துப் பார்த்து, ஷேடு கார்டில் வருகிற மாதிரி வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாக ஆள் பிடிக்கச் சொன்னார் சுப்பராயன்.

"சார், இது தகரத்துக்கு வெச்ச மெஷினு" என்றாள் சிஃபா.

"மனுஷன் கையில வெச்சா கடிக்குமா?"

"கடிக்காது சார். வெக்கமா இருக்கும்."

"அது ஆடிட்ல வராதும்மா. நீ வை."

ஆபீஸ் மொத்தமும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு வரிசையில் நின்றது. அக்கவுன்ட்ஸ் மேனேஜரின் நம்பர் அவருடைய டிரைவரின் நம்பரைவிடக் கறுப்பாக வந்தது. "மெஷின சர்வீசுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அன்று மாலை வரை அவர் டிரைவரிடம் பேசவில்லை.

ஷேடு கார்டில் எல்லாக் கட்டத்துக்கும் ஆள் கிடைத்தது, கடைசிக் கட்டத்தைத் தவிர. அன்புராஜ் பக்கத்தில் நின்று நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தான். சிஃபா எழுதுகிற கையைப் பார்த்தாள். மெஷினை அதன்மேல் வைத்தாள்.

"கெடச்சிட்டாரு சார். இதுக்கு அடுத்தது டிரம்முல இருக்கற கார்பன் பிளாக்குதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாரி அன்பு" என்றாள்.

சுப்பராயன் அவனை முதல்தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். "இவ்ளோ நாளா எங்கப்பா இருந்த நீ?"

சின்ன வயதிலிருந்து அவனைப் பேஜார் படுத்திய நிறம், கடைசியில் ஒரு வேலையை வாங்கித் தரப்போகிறது. அன்புராஜுக்கு அதில் ஒரு நியாயம்கூடத் தெரிந்தது.

"டேக்கக் கழட்டுங்க. சட்டைய வெளிய உடுங்க" என்றார் சாலமோன். "மொகத்துல கொஞ்சம் சோகம் வெய்ங்க."

"சோகம் வரலையே சாலமோன். ஏப்ரல்ல பர்மனென்ட் ஆகப்போறேன்."

"அப்ப கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க. தானா வரும்."

நின்றான். வந்தது.

இந்தத் தடவை தலைமையகத்திலிருந்து ஒரே வார்த்தையில் பதில்: 'அற்புதம்.' மற்ற எல்லாரையும் வெட்டிவிட்டு அன்புராஜை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கம்பெனி மதிலில் லாரி உயரத்துக்கு அவன் முகம் எழும்பியது. மேலே, 'இருட்டிலிருந்து வண்ணத்துக்கு.' கீழே, 'பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத இந்த இளைஞரை நாங்கள் கைதூக்கி விட்டோம்.'

முதல் போன் கவரைப்பேட்டையிலிருந்து வந்தது. "தம்பி, நீங்க எம்.எஸ்.டபிள்யூ.ன்னு சொன்னீங்க" என்றார் பூமிகாவின் அப்பா. "கம்பெனி வேற இன்னாமோ சொல்லுதே."

அன்புராஜ் ஜி.எம். அறைக்கு ஓடினான்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன், உட்காரு" என்றார் சுப்பராயன். இரண்டு வருஷத்தில் அவனை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல்தடவை. "ஒரு சின்ன ரூல். திட்டத்தோட பயனாளி, கம்பெனியில வேலை பாக்கக் கூடாது. பாத்தா சொந்த ஆளுக்கே ஃபண்டைக் குடுத்த மாதிரி ஆயிடும். ஆடிட்ல மாட்டுவோம். ஏஜென்சிகிட்ட சொல்லி உன் பேரை இன்னியோட எடுத்தாச்சு."

"சார், ப்ளூ டேக்கு?"

"மஞ்சளே இல்லங்கறேன்."

"அப்ப போஸ்டர எடுத்துடுங்க சார்."

"எப்படி எடுக்கறது? ஆண்டறிக்கையில அச்சாயிடுச்சு. உலகத்துல இருக்கற எல்லா பிளான்ட்லயும் நீதான் தொங்கறே. உன்ன எடுத்தா சமத்துவத்தையே எடுத்த மாதிரி."

"நான் எந்த பயனும் அடையலையே சார். அப்புறம் எப்படி பயனாளி?"

"அதை மட்டும் உட்டுடுவோமா?" சுப்பராயன் ஜன்னல் பக்கம் கைகாட்டினார். கேட்டுக்கு உள்ளே ஒரு ஜூஸ் வண்டி நின்றது. கம்பெனி பெயின்டிலேயே ஐந்து நிறம் அடித்து, நெற்றியில் அன்புராஜின் சோக முகம். "விளம்பரக் கம்பெனி, பேனர், ஸ்டார் ஓட்டல் டின்னர் எல்லாம் போக மிச்சம் இருந்ததுல வாங்கினது. ரிப்பன் வெட்டறப்ப தலைமையக மேடம் வீடியோவுல வருவாங்க. சட்டைய வெளிய எடுத்து உட்டுக்கோ."

ரிப்பன் வெட்டினார்கள். மேடம் திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது உண்மையான கண்ணீர்தான்; அன்புராஜால் அதையும் மறுக்க முடியவில்லை. ஒடிசா ஆட்களைக் கைதட்டக் கூப்பிட்டிருந்தார்கள், அரை நாள் கூலி கட்டோடு. பிஸ்வஜித் நன்றாகவே தட்டினான்.

கேட்டில் செக்யூரிட்டி மஞ்சள் டேக்கை வாங்கிக்கொண்டான். அன்புராஜ் வண்டியை வெளியே தள்ளினான். பங்குனி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது.

நர்மதா தன் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, புங்கமரத்தடியில் இடம் விட்டாள். "இப்டி வந்து நிறுத்து, நெழலா இருக்கும்" என்று, அவன் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். "போர்டப் பாத்தா கொஞ்ச நாள் வயிறு எரியும். அப்பால பழகிடும்."

"உங்களுக்கு இன்னாக்கா தெரியும்?" என்றான் அன்புராஜ். "உங்கள தூக்கி உட்டாங்க. என்ன தள்ளி உட்டுட்டாங்க."

நர்மதா டின்மேல் ஏறி நின்று இட்லிப் பானையைத் திறந்தாள்.

"பெண்கள் முன்னேற்றத் திட்டம் வர்ற வரைக்கும், ஆபீஸ்ல அந்த எறங்கிப்போன நாக்காலியில நாந்தான் தம்பி ஒக்காந்துனு இருந்தேன்."