ஏழு தட்டும் பிரமாதம்

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லை என்றாலும் அதைக் கேட்கிற நிலையில் இப்போது நான் இல்லை. இங்கு நான் நலம். உன் அக்காள் நலம் என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. மூன்று அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழும். போன மாதம் உன் அக்காளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு"ன்னு சொல்லிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் "என்ன சொன்னார்?" என்றாள். "மருந்து நல்லா வேலை செய்யுதாம்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். நீயும் வாய் தவறி ஏதும் உளறிவைக்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

நம்பியதோடு விட்டாளா? கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆச்சு, விருந்து வைக்கணும் என்று ஆரம்பித்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து கூடாதாம். உட்கார்ந்தால் எல்லாரும் தன் மொட்டைத் தலையையே பார்ப்பார்களாம். நின்றுகொண்டே கொறிக்கிற மாதிரி சின்னச் சின்னதாக ஏழு வகை, எல்லாம் தன் கையாலேயே. அந்த மருந்து அவள் நாக்கைச் சாகடித்து ஆறு வாரமாகிறது, தெரியுமா உனக்கு? உப்பும் சர்க்கரையும் அவளுக்கு ஒன்றுதான். "அதனால என்ன, நீங்க ருசி பார்த்துச் சொல்லுங்க. உங்க நாக்குதான் என் நாக்கு" என்றாள். போல்ட் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் பரிசோதகனாக இருந்தவன் நான். மயிரிழை கோணல் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகத் தள்ளியவன். முதலாளியே வந்து கெஞ்சினாலும் "தள்ளு"ன்னா தள்ளுதான். வீட்டிலும் அப்படித்தான், உனக்கே தெரியும். நான் "பரவாயில்லை" என்று சொன்ன அன்றைக்கு உன் அக்காள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வாள்.

அப்படிப்பட்ட நான் அடுப்படியில் ஸ்பூனோடு நின்றேன். முதலில் காளான். காளானைக் குடைந்து உள்ளே எதையோ அடைத்து வேகவைக்கிற அந்தச் சங்கதி எனக்கு ஜென்மத்துக்கும் ஆகாது, ஈரமான காதைக் கடிக்கிற மாதிரி இருக்கும். இந்தத் தடவை அந்தக் காதுக்குள் ஒரு கைப்பிடி மிளகு வேறு. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். "பிரமாதம்" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது மாப்ளே, நான் என்ன செய்ய? அடுத்து அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைப் பிசைந்து வைப்பாளே, உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஒரே கொறிப்பு அதுதான், அதில் உப்புக்குப் பதில் சர்க்கரை. "பிரமாதம்." உருளைக்கிழங்கு உருண்டையில் உப்பு ரெண்டு தடவை. "பிரமாதம்." இப்படியே ஏழு வகைக்கும் பாஸ் போட்டு அனுப்பிவிட்டேன். கம்பெனியில் இதைச் செய்திருந்தால் எங்கேயாவது பாலம் இடிந்திருக்கும்.

சாயங்காலம் ஜனங்கள் வர ஆரம்பித்ததும் அடுப்படியை விட்டு வெளியே ஓடினேன். வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும், "எதை எடுத்தாலும் முழுங்கிடுங்க, கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லுங்க, உங்க காலில் வேணா விழறேன்" என்றேன். மாடி வீட்டுப் பல் டாக்டர் உருண்டையைக் கடித்தவுடன் பூ ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டார், பூவோடு. என் பழைய மேனேஜர், அந்தக் காலத்தில் என்னை மதிக்காத மனுஷன், தக்காளி ரொட்டித் துண்டு ஆறைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு அசடு வழிய நின்றார். பையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. காலித் தட்டுகளைப் பார்த்ததும் உன் அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு சுற்று கொண்டுவந்துவிட்டாள்! நான்தான் பதினோரு காளானைத் தின்றேன். காது காதாகத் தின்றேன்.

அதோடு போச்சா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? பிடிக்காதது எது? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். பல் டாக்டர் நாக்கைச் சுழற்றிக்கொண்டு, "உருண்டைதாம்மா, மறக்கவே முடியாது" என்றார். மேனேஜர், "தக்காளி ரொட்டி. வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்" என்றார். பிடிக்காதது என்ற பக்கம் கடைசிவரை காலியாகவே இருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் ஆறு மாதமாகப் பார்க்கவில்லை. மற்றவர்கள் போனபிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஆக, விருந்துக்கு வந்த எவனாவது உன்னிடம் புலம்பினால் அவன் வாயை அடை. அவள் கேட்டால், எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று சொல். அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். என் கிறுக்கலைத் தபால்காரனால் படிக்க முடியாது என்று இத்தனை வருஷமும் கவரில் முகவரி எழுதுவது அவள்தான். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நானே எழுதி, நானே ஒட்டி, நானே கொண்டுபோய்ப் போடுவேன். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உங்க அத்தான் வழக்கம்போல கடிதத்தைச் சாப்பாட்டு மேஜை மேல வச்சுட்டு, "அட்ரஸ் எழுதிடு"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார். நாப்பது வருஷப் பழக்கம், பாவம். எனக்கு எல்லாம் தெரியும்டா. பூ ஜாடி காலியானதையும் பார்த்தேன், மேனேஜர் கோட்டையும் பார்த்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே, அடுப்படியில அந்தக் காளானைத் தின்னுட்டு அவர் "பிரமாதம்"னு சொன்னாரே, அப்பவே டாக்டர் கதவைச் சாத்திட்டு என்ன சொல்லியிருப்பார்னு புரிஞ்சுபோச்சு. மூணு மாசம்னு மட்டும் தெரியாது, இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சீக்கிரம் வா. வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே நடந்துக்க. நாளைக்கும் முட்டை செய்யப் போறேன், அவர் இன்னும் கொஞ்ச நாள் பொய் சொல்லட்டும். கேக்க நல்லா இருக்குடா.