மூன்று கணவாய்களும் ஒரு மெத்தையும்

மலைகளைக் கடந்தவர்கள் என்று சரித்திரம் குதிரைப்படைகளையும் துறவிகளையும் உப்பு வியாபாரிகளையும் மட்டும் குறித்து வைத்திருப்பது பெருங்குறை. ஒரு மெத்தைக் கம்பெனி சைக்கிள் மிதித்து, மேகம் உரசும் மூன்று கணவாய்களை வென்ற மகத்தான நிகழ்ச்சியை அது இன்னும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

உலகத்தைப் படுக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட அந்தக் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. கிடங்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. திரும்பி வந்த மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு மனிதர். வருகிற புகாரில் முக்கால்வாசி "குழி விழுந்துடுச்சு" என்பதுதான். ஆகவே அவருக்குக் குழியண்ணன் என்ற பெயர் ஏற்பட்டு, பெற்றோர் வைத்த பெயர் வழக்கொழிந்து போயிற்று.

யார் கூப்பிட்டாலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"மெத்தைமேல படுத்தீங்களா, குதிச்சீங்களா, இல்ல வேற எதாவது பண்ணீங்களா?"

படுத்தேன் என்றால் கம்பெனி பொறுப்பேற்று வேறு மெத்தை தரும். மற்றதற்கெல்லாம் கம்பெனி வருத்தம் மட்டும் தெரிவிக்கும். குதித்தவர்கள்கூடக் குழியண்ணனிடம் பொய் சொல்லத் தயங்குவார்கள். கேட்கிற குரல் அப்படி. சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடும் குரல்.

இந்த நிலையில்தான் மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய், "குழு உணர்வு" என்ற நோயுடன் திரும்பினார்.

"நம்ம ஆபீஸ்ல எல்லாம் இருக்கு. குழு உணர்வுதான் இல்ல," என்று கூட்டத்தில் அறிவித்தார். "அதனால சைக்கிள்ல மூணு கணவாய் தாண்டப்போறோம். கடைசிக் கணவாய்ல நம்ம பெரிய டீலர் வந்து நம்மள வரவேற்கிறாரு. அவருக்கு நம்ம புது மெத்தை ஒண்ணப் பரிசாக் குடுக்கிறோம். யாருக்குக் குழு உணர்வு அதிகமா இருக்குன்னு நான் கவனிப்பேன். அவருக்குப் புகார்ப் பிரிவுத் தலைவர் பதவி. ஜன்னல் வச்ச அறை."

குழியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். புகார்ப் பிரிவில் இருப்பது அவர் ஒருவர். தலைவர் என்று வேறொருவர் வந்தால், அந்தத் தலைவருக்குக் கீழே இருக்கப் போவதும் அவர் ஒருவர்.

வீட்டில் மனைவிக்கு இது பிடிபடவில்லை.

"ஏங்க, நீங்க மட்டும்தானே அங்க இருக்கீங்க? வேற யாருக்குக் குடுப்பாங்க?"

"யாருக்கு வேணாலும் குடுக்கலாம். அப்ப நான் அவருக்குக் கீழ வேலை பாக்கணும்."

"உங்களுக்குக் கீழ யாரு?"

"எனக்குக் கீழ மெத்தைதான்."

"அப்ப போயிட்டு வாங்க. என் தம்பியோட சைக்கிள எடுத்துக்குங்க. ஆனா எங்கயாவது விழுந்து வச்சா, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்து விழுங்க. அவன் புலம்பல என்னால கேக்க முடியாது."

புறப்படுகிற நாளில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். மேலாளர். கணக்கர். மாதாமாதம் அந்த ஒரு வார்த்தையையே உச்சரித்துக்கொண்டிருப்பதால் "டார்கெட்" என்று அழைக்கப்படும் விற்பனை அதிகாரி. கிடங்கிலிருந்து இருவர். ஓரத்தில் குழியண்ணன். பின்னால் கம்பெனியின் மூடு வேன், "ஆதரவு வாகனம்" என்ற பட்டத்துடன். அதற்குள் பரிசு மெத்தை, தாள் உறைகூடப் பிரிக்காமல் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"விதி ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் மேலாளர். "யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. கடைசி ஆள் வராம யாரும் கணவாயத் தாண்டக்கூடாது. புரியுதா?"

குழியண்ணனுக்குப் புரிந்தது. அதுதான் அவர் செய்த முதல் தவறு.

முதல் ஏற்றத்தின் இரண்டாவது வளைவில், பின்னால் வந்த வேன் தாண்டிப் போனதுமே மேலாளர் சைக்கிளை நிறுத்தினார். களைப்பால் அல்ல, கடமையால்.

"தலைவன்னா முன்னால இருக்கணும்," என்றார் மூச்சு வாங்க. "இப்ப முன்னால இருக்கிறது வேன். அப்ப நான் எங்க இருக்கணும்?"

இந்தத் தர்க்கத்தின் ஆழம் கண்டு கணக்கர் மெய்சிலிர்த்தார். தலைவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை என்பதால் அவரும் ஏறிக்கொண்டார். மெத்தையின் "தரத்தை நேரில் அறிய" டார்கெட் ஏறினார். கிடங்குக்காரர்கள் இருவரும், மெத்தை என்றால் அது தங்கள் இலாகா என்று ஏறினார்கள். சைக்கிள்கள் வேனின் தலையில் கட்டப்பட்டன. குழியண்ணன் வந்து சேர்ந்தபோது உள்ளே காலும் தலையுமாக ஐந்து பேர் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தார்கள்.

"இடமில்லையே குழியண்ணே," என்றார் கணக்கர் மனம் நொந்து. "நீங்க மெதுவா வாங்க. நீங்க வராம நாங்க தாண்டமாட்டோம். விதி இருக்குல்ல?"

விதி இருந்தது. உச்சிக்கு ஒரு வளைவு முன்பாக மேலாளர் "நிறுத்து!" என்பார். ஐவரும் இறங்கி, சைக்கிள்களை இறக்கி, கணவாய்ப் பலகையின் கீழே போய் நிற்பார்கள். நின்று, குழியண்ணன் வருவதற்காகக் காத்திருப்பார்கள்.

அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால் தனியாக ஏதோ முனகியது.

"என்னய்யா குழி, இவ்வளவு நேரமா? குளிர்ல விறைச்சுப்போயிட்டோம்!"

"மன்னிச்சுக்குங்க சார்."

"சரி சரி. பாட்டில்ல தண்ணி இருக்கா?"

குழியண்ணன் நெகிழ்ந்துபோய்ப் பாட்டிலை நீட்டினார். மேலாளர் அதை வாங்கி நெற்றியில் தெளித்துக்கொண்டார். கழுத்தில் கொஞ்சம், அக்குளில் கொஞ்சம். கணக்கர் முதுகைக் காட்டினார். டார்கெட் தன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அது நிற்கும்வரை முயன்றார். இவ்வாறு குழுவின் வியர்வை முழுவதும் ஒரே பாட்டிலிலிருந்து சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

"நானும் நிக்கவா சார்?"

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ரொம்பக் களைச்சுப்போய்த் தெரியிற. நம்மது மெத்தைக் கம்பெனிய்யா. களைப்பு நமக்கு ஒத்துவராது. நீ படம் எடு."

இரண்டாவது கணவாயிலும் இவ்வாறே. ஒரே வித்தியாசம், கணக்கரின் கன்னத்தில் மெத்தையின் தையல் கோடு பதிந்திருந்தது. "காத்து வெட்டிடுச்சு," என்று விளக்கம் தந்தார்.

மூன்றாவது ஏற்றம்தான் செங்குத்து. பாதி வழியில் குழியண்ணன் ஒரு வளைவைத் திரும்பியபோது, வேன் ஓரமாக நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"எஞ்சின் சூடாயிடுச்சுண்ணே. அஞ்சு பேரு கனம், அஞ்சு சைக்கிள் கனம், அதுவும் மூச்சு விடணும்ல?"

"அவங்க?"

"தூங்குறாங்க. எழுப்பிடாதீங்க. சூடு ஆறினதும் வந்துடறேன்."

குழியண்ணன் வேன் கதவருகே நின்று கேட்டார். உள்ளே ஐந்து குறட்டைகள், ஒன்றை ஒன்று விட்டுவிட்டுப் போகாமல், சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி ஆள் வராமல் யாரும் தாண்டக்கூடாது. ஆனால் இப்போது கடைசி ஆள் யார்? அவர் காத்திருந்தார். தூறல் பிடித்தது. முழங்கால் விறைத்தது. இன்னும் நின்றால் அது மடங்காது என்று தோன்றவே, மெல்ல மிதித்து மேலே போனார்.

உச்சியில் பூங்கொத்துகளோடு டீலர் நின்றிருந்தார். கடைக்காரர்கள் கைதட்டினார்கள். வந்தது ஒருவர்தான் என்று தெரிந்ததும் கைதட்டல் பாதியில் நின்றது.

"மத்தவங்க எங்க?" என்றார் டீலர்.

"பின்னால வர்றாங்க சார்."

"சைக்கிள்லயா?"

குழியண்ணன் ஜன்னலை நினைத்துக்கொண்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்ல மனம் வரவில்லை.

"சைக்கிளும் வருது சார். அவங்களும் வர்றாங்க."

வந்தார்கள். "நிறுத்து!" என்று சொல்ல வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்ததால் டிரைவர் எங்கும் நிறுத்தவில்லை. நேராகப் பூங்கொத்துகளின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டார். ஐந்து பேர். ஒரு மெத்தை. மேலாளரின் வாய் சற்றே திறந்திருந்தது.

பெரியவர்கள் பெரியவர்களாக இருப்பது இப்படிப்பட்ட தருணங்களுக்காகத்தான். கண் விழித்த மேலாளர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மெத்தையில் எழுந்து நின்று இரு கைகளையும் விரித்தார்.

"பாத்தீங்களா சார்? மூணு மலை ஏறின களைப்பு! படுத்ததும் போயிடுச்சு! இதுதான் நம்ம மெத்தை!"

கைதட்டல் மலையெங்கும் எதிரொலித்தது. மெத்தை சூடு ஆறுமுன் டீலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

திரும்பி வந்ததும் "குழு உணர்வு ஆய்வுக் கூட்டம்" நடந்தது. மேலாளர் கனத்த இதயத்துடன் பேசினார்.

"அஞ்சு பேரும் முதல்லேர்ந்து கடைசிவரை ஒருத்தர ஒருத்தர் பிரியல. ஒருத்தர் மட்டும் தனியாப் போனாரு. வழியில வண்டி நின்னு கெடக்கு, குழு உள்ள கெடக்கு. இவரு பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டாரு. விதி என்ன சொல்லுது?"

கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதவி அவருக்கே போயிற்று.

ஜன்னல் வைத்த அறையில் கணக்கர் அமர்ந்த முதல் வாரம், குழியண்ணனின் தொலைபேசி ஒலித்தது. டீலர்.

"என்னங்க இது, புது மெத்தைன்னு குடுத்தீங்க, உறைய நீக்கிப் பாத்தா அஞ்சு குழி இருக்கு! நீளமா ஒண்ணு, அகலமா ஒண்ணு!"

"கொஞ்சம் இருங்க சார். தலைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் அறைக்குப் போய்ப் பணிவாக நின்றார்.

"சார், டீலர் மெத்தையில குழி. மலைக்குப் போனப்ப அதுமேல படுத்தீங்களா, குதிச்சீங்களா, இல்ல வேற எதாவது பண்ணீங்களா?"

கணக்கரின் முகம் சிவந்தது. படுத்தோம் என்றால் கம்பெனி வேறு மெத்தை தரவேண்டும். அதோடு மூன்று கணவாய்களையும் திருப்பித் தரவேண்டும்.

"யோவ், நாங்க எங்கய்யா படுத்தோம்? மேல போய்ச் சேர்ந்தப்புறம் ஒரு நிமிஷம் காட்டுனதோட சரி. மூணு மலையும் சைக்கிள்ல போன குழுய்யா இது! போட்டோ இருக்கு!"

"சரிங்க சார்."

குழியண்ணன் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தார். சொன்னதைச் சொன்னபடியே நம்பும் அதே குரல்.

"சார், விசாரிச்சுட்டேன். அந்த மெத்தைமேல யாரும் படுக்கலையாம். மூணு மலையும் சைக்கிள்தான் ஓட்டியிருக்காங்க. சைக்கிள் ஓட்டி விழுந்த குழிக்குக் கம்பெனி பொறுப்பில்லைங்க."