அரிசி டிரம்மில் படுத்திருந்த வைன்

தெரியாத விஷயத்தில் தலையிடுகிறவனைக் கடவுள் மன்னித்துவிடுவார். அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தில் தலையிடுகிறவனைக் கட்டின மனைவிகூட மன்னிக்க மாட்டாள். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நுரை வழியும் பாட்டிலோடு மாடி பால்கனியில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம். எங்கள் ஊரில் திராட்சை என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போகும் பொருள். அதைப் புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, பிறகு மூக்கால் மோந்து கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரியும்.

தெரியவைத்தவர் என் மச்சான். என் மனைவி செல்வியின் அண்ணன், பாரிஸில் வேலை பார்ப்பவர். ஒரு முறை லீவில் வந்தபோது இரண்டு பாட்டில்களைக் கொடுத்தார். ஒன்று சிவப்பு வைன், இன்னொன்று ஷாம்பெயின். இரண்டுமே நல்ல பழசு.

"மாப்ள, இது சும்மா குடிக்கிற சரக்கு இல்ல. குளிர்ச்சியா, இருட்டா இருக்கற இடத்துல படுக்க வச்சிருங்க. நல்ல நாள் வரும்போது திறங்க."

குளிர்ச்சியான இடம்! திருச்சியில்! சித்திரை மாதம் எங்கள் மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் குளிக்க வெந்நீர் வரும். (மனுஷனுக்கே படுக்க இடம் இல்லை, இதில் பாட்டிலுக்கு வேற.) ஷாம்பெயினை ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில் கொத்தமல்லிக்குப் பின்னால் தள்ளினேன். வைனுக்கு வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அரிசி டிரம்மைக் கண்டுபிடித்தேன். இருட்டு இருந்தது. குளிர்ச்சி இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

"அரிசி அளக்கக் கைய விட்டா பாட்டில் வருது. இதெல்லாம் ஒரு குடும்பமா?" என்றாள் செல்வி. மூன்று வருஷம், ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் இதே வாக்கியம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் சடகோபன் மாமா குடியிருந்தார். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், ஆசாரம் அதிகம். வாடகை பேசும்போதே சொல்லிவிட்டார்: "மாமிசம், மது ரெண்டும் இந்த ஆத்துல நுழையப்படாது. மத்தபடி உங்க இஷ்டம்." நானும் ஆகட்டும் மாமா என்று தலையாட்டியிருந்தேன்.

இப்படி அரிசியோடு அரிசியாகக் கிடந்திருக்க வேண்டிய பாட்டிலை வெளியே எடுக்க வைத்தது ஆசை. எங்கள் கம்பெனிக்குப் பிரான்சில் ஒரு கூட்டாளி நிறுவனம் உண்டு. அங்கே இரண்டு வருஷம் போய்வர ஓர் ஆள் தேவைப்பட்டது. போட்டியில் நானும், வெல்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பீட்டரும். தேர்ந்தெடுக்க வேண்டியவர் சென்னை டைரக்டர் வாசுதேவன் சார். அவர் தொழிற்சாலைக்கு வந்திருந்தபோது, கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி பெருமூச்சு விட்டார்.

"பிரான்ஸ் போறவனுக்கு வெல்டிங் மட்டும் தெரிஞ்சா போதாது. ஒரு நல்ல வைனை ரசிக்கத் தெரியணும். நம்மள்ல யாருக்கு தெரியும் சொல்லுங்க?"

பீட்டர் யோசிக்காமல், "எனக்கு மோர்தான் சார் ஒத்துக்கும்" என்றான்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "சார், வீட்ல ஒரு பாட்டில் வச்சிருக்கேன் சார். பதினெட்டு வருஷப் பழசு. நீங்க ஒரு நாள் வரணும்."

"ஞாயித்துக்கிழமை இங்கதான் இருக்கேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து என் பைத்தியம் ஆரம்பமானது. ஃபோனில் வைன் ருசிக்கும் வீடியோக்களாகப் பார்த்தேன். கிளாஸை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது, மூக்கை எவ்வளவு ஆழம் விடுவது, ஒரு வாய் குடித்துவிட்டு எவ்வளவு நேரம் முழுங்காமல் முழிப்பது! ரசம் குடிக்க நமக்கு யாராவது வகுப்பு எடுத்தார்களா? அந்தப் பாவப்பட்ட ரசத்தை வைத்துத்தான் பயிற்சி செய்தேன். டம்ளரைச் சுழற்றி, மோந்து, "முதல்ல மிளகு வருது... பின்னாடி பெருங்காயம் மெதுவா எட்டிப் பாக்குது" என்றேன்.

"உப்பு சரியா இருக்கா, அதச் சொல்லுங்க" என்றாள் செல்வி. எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் கயல், தட்டோடு எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது கிளாஸ். மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினேன். "தண்டு நீளமா, வாய் குவிஞ்சு இருக்கணுங்க" என்று கையால் வரைந்து காட்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"ஐஸ்கிரீம் கப்பா சார்?"

"இல்லைங்க, குடிக்கிறதுக்கு."

"ஜூஸ் கிளாஸா?"

"ஜூஸ் மாதிரிதாங்க. ஆனா ஜூஸ் இல்ல."

"அப்ப ஃபலூடா கிளாஸ் தரேன், தூக்கிட்டுப் போங்க" என்றார். தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு வந்தது. வாசுதேவன் சாரும் வந்தார். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, அவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். (வைனுக்குக் கொடுக்கும் மரியாதையாம்.) அவரை ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் அரிசியிலிருந்து பாட்டிலைத் தோண்டி எடுத்தேன். அப்போதுதான் அது உறைத்தது. கார்க்கைத் திறக்கும் திருகி என்னிடம் இல்லை. பார்த்த வீடியோக்களில் எல்லாமே பாட்டில் திறந்த பிறகுதான் ஆரம்பித்தது!

பயப்படவில்லை. நான் இன்ஜினியர். கதவுக்குப் போடும் ஒரு ஸ்க்ரூவைக் கார்க்கில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். ஸ்க்ரூ வந்தது. கார்க் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்ததில் பாதி கார்க் ஊறின புண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. மீதியை ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதில் அது நேராக வைனுக்குள் விழுந்து மிதந்தது.

ஹாலிலிருந்து குரல்: "முருகேசன், அவசரப்படாதீங்க! பழைய வைன் மூச்சு விடணும்!"

எனக்கே மூச்சு வரவில்லை. சட்டென்று கையில் அகப்பட்ட வடிகட்டியை எடுத்தேன், எவர்சில்வர் ஜக்கில் வைனை வடிகட்டினேன், ஃபலூடா கிளாஸ்களில் ஊற்றினேன், தட்டில் மணப்பாறை முறுக்கோடு கொண்டுபோய் வைத்தேன்.

சார் ஃபலூடா கிளாஸை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பினார். நான் என் கிளாஸில் ஒரு வாய் எடுத்தேன். பழைய சோற்றுத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தது போல நாக்கு சுருண்டது. இதுதான் உயர்ந்த ருசி போலிருக்கிறது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முருகேசன்..." அவர் குரல் தழுதழுத்தது. "முதல்ல கறுப்புத் திராட்சை. அப்புறம் லேசாத் தோல் வாசனை. அதுக்கப்புறம்... இருங்க, இருங்க... இஞ்சி!"

நான் ஓரக்கண்ணால் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"ஏலக்காய் கூட இருக்கு! ஆஹா! இந்த மசாலா வாசனை எல்லா வைன்லயும் வராது. வருஷக்கணக்கா ஊறினாதான் வரும். உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது சார்" என்றேன். தெரியாமல் என்ன? காலையில் அதே வடிகட்டியில் இரண்டு டம்ளர் இஞ்சி ஏலக்காய் டீ வடித்துக் குடித்தவன் நான்தானே.

"பிரான்ஸுக்கு நீங்கதான் சரியான ஆள்" என்று என் தோளைத் தட்டினார். ஈபிள் கோபுரத்தின் கீழே நானும் செல்வியும் கயலும் நிற்கும் ஃபோட்டோ என் கண்முன் வந்தது. அந்த ஃபோட்டோ கலைவதற்குள் சமையலறை வாசலில் செல்வி வந்து நின்றாள். கையில் வடிகட்டி. அதில் ஈரமான கார்க் தூள்.

"என்னங்க இது? டீ வடிகட்டியிலயா இந்தக் கண்றாவிய வடிகட்டினீங்க? காலைல வடிச்ச டீத்தூளக்கூட நான் இன்னும் சரியாக் கழுவலயே!"

சார் கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. கயல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கேட்டு, சாப்பாட்டுக்கு இலை போட்டிருக்கலாம். ஆனால் அரைகுறை ஆசாமிக்கு நிறுத்தத் தெரியாதே. "சார், ஷாம்பெயின் ஒண்ணு இருக்கு!" என்று உள்ளே பாய்ந்தேன். ஃப்ரிட்ஜில் பாட்டில் இல்லை. இட்லி மாவுக்கு இடம் வேண்டுமென்று செல்வி காலையிலேயே அதை எடுத்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். வெயில் படும் ஜன்னல். பாட்டில் இளஞ்சூடாக இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தேன்; ஓட்டத்தில் அது நன்றாகக் குலுங்கியும் விட்டது.

கார்க்கைக் கட்டியிருந்த கம்பியைத் தளர்த்தியதுதான் தெரியும். கார்க் வெடித்துப் போய்ச் சுவர்க் கடிகாரத்தில் அடித்தது. நுரை பீறிட்டது. சாரின் கோட்டு ஒரு பங்கு வாங்கிக்கொண்டது. சோபாவைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாட்டிலோடு பால்கனிக்கு ஓடி, வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

கீழே கொடியில் சடகோபன் மாமாவின் மடி வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது. யாரும் கையால் தொடக்கூடாது என்று கோலால் எடுத்துப் போடும் வேஷ்டி. பிரான்ஸ் நாட்டுப் பழைய ஷாம்பெயின் முழுக்க அதன் தலையில் இறங்கியது.

மாமா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன முருகேசன் இது, நுப்பும் நுரையுமா?"

"சோடா மாமா! வயிறு சரியில்ல, அதான்..."

"சோடாவுக்கு ஏது ஓய் இந்த வாசனை?"

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் செல்வி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "மாமா, அது சாராயங்க. இவருதான் கொட்டிட்டாரு. நீங்க தொட்டுடாதீங்க, நானே வந்து எடுத்துடறேன்."

சாராயம்! எனக்குப் பின்னால் நின்ற வாசுதேவன் சார், நெஞ்சில் அடிபட்டவர் போல ஒரு சத்தம் எழுப்பினார். டீ வடிகட்டியைக்கூட அவர் தாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். இதைத் தாங்கவில்லை. சாப்பிடாமலே, ஈரக் கோட்டோடு கிளம்பிப் போனார். மாமா "ரங்கா!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் மச்சானுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "அரிசி டிரம்லயா? திருச்சியிலயா? மாப்ள, அது எப்பவோ வினிகர் ஆகியிருக்கும். அதையா குடிச்சீங்க?" என்றார்.

மாமா வீட்டைக் காலி பண்ணத்தான் சொன்னார். செல்வி கீழே போய் மாமியிடம் ஒரு மணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்ததில், பாவம் இந்தப் பெண் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அதன்பிறகு நான் ஃபினாயில் வாங்கி வந்தால்கூட, மாமா கண்ணாடியைப் போட்டு லேபிளைப் படித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். பிரான்சுக்குப் பீட்டர் போனான். இரண்டு வருஷமும் மோர் குடித்தே சமாளித்துத் திரும்பினான். எனக்கென்று நினைவாக வாங்கிவந்தது, ஒரு கார்க் திருகி.

இதெல்லாம் காலப்போக்கில் மறந்துபோகும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அந்த வருஷமே அரைப் பரீட்சை முடிந்து, கயலின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்; நானும் செல்வியும் போனோம். தமிழ் டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சிரிப்பை அடக்க அவர் படும் பாடு எனக்குப் புரியவில்லை.

"கயலோட அப்பாங்களா? மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைத்து எழுதுகன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தேங்க. 'வடிகட்டின முட்டாள்'னு குடுத்திருந்தேன். எல்லாப் பிள்ளைங்களும் ஒரு வரி எழுதியிருந்துச்சு. உங்க பொண்ணு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்குங்க."

"மார்க் குடுத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் செல்வி.

"முழு மார்க்குங்க. வகுப்புல நாலு தடவை வாசிச்சுக் காட்டிட்டேன். இப்ப ஒன்பதாவதுக்கும் அதைத்தான் உதாரணமாச் சொல்றேன்."

கயல் இன்று வேலைக்கே போய்விட்டாள். அந்தப் பள்ளியில் இன்னமும் அந்த மரபுத்தொடருக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம்.