அலைக்குப் பின்னால் ஓடிய சானல் சார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அலைக்குப் பின்னால் ஓடிய ஒரே மனிதர் எங்கள் சானல் சார்தான். மற்றவர்கள் அலையைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்கள். சுனாமிக்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

2009 வாக்கில் கோட்டாற்றில் நானும் அவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். கடற்கரை ஊர்க்காரர், தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார். விடிந்ததும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் போகும் சானலுக்குக் கிளம்பிவிடுவார். பலகையால் தண்ணீரை ஓங்கித் தள்ளினால் ஒற்றை அலை ஒன்று கிளம்பும். உருக்குலையாமல் சானலோடு போகும். அதற்கு சாலிட்டான் என்று பெயராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சார் கரையோடு துரத்துவார். ஓடிப்போய் நிற்கிற இடம், பெண்கள் குளிக்கிற படித்துறை.

"ஏட்டி, சேலைய எடு. சாரு அலைய மேய்ச்சிட்டு வாறாரு."

அவர் அலையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. அதைச் சொல்லிப் படித்துறையில் மன்னிப்புக் கேட்டு வருவது என் வேலை.

பேச்சிலும் அப்படித்தான், கணக்கைத் தவிர வேறு பார்ப்பதில்லை. டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்து, "மழ வருமா சாரே?" என்பார். "வரலாம். வரும்னு சொல்ல ஆதாரம் இல்ல" என்பார் இவர், அதற்குள் விழத் தொடங்கிய தூறலில் நனைந்துகொண்டே.

இவ்வளவு கூத்தும் செத்துப்போன தன் தம்பிக்காக. கடல் அமைதியாகக் கிடந்த ஒரு மதியம் தம்பி ஓட்டிய வள்ளம் கவிழ்ந்து, கூடப்போன இருவரும் அவனும் திரும்பவில்லை. ஓட்டினவன் தூங்கிவிட்டான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாரின் அம்மா ஊர் முகத்தில் விழிக்கக் கூசி, மாதா கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

அமைதியான கடலிலும் ராட்சத அலை எழும்பும் என்று கணக்கில் காட்ட சார் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். அக்கம்பக்கத்துச் சின்ன அலைகள் தங்கள் வலுவை ஓர் அலைக்குக் கொடுத்துவிடுமாம். பந்தியில் பக்கத்து இலைப் பப்படங்களையெல்லாம் வாங்கி அடுக்குகிற ஆளைப் போல அது மட்டும் உயர்ந்து நிற்கும். பிறகு தடமே இல்லாமல் அடங்கிவிடும்.

ஒரு வழியாகக் கணக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் ஊர்க் கோயில் முற்றத்தில் லேப்டாப்பைத் திறந்தார். நானும் போயிருந்தேன். திரையில் தட்டையாகக் கிடந்த கடலில் ஒற்றை அலை எழுந்து, விழுந்து, மறைந்தது. அந்த வள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அன்னைக்கு இதுதான் வந்துதா மக்கா?"

"வந்திருக்கலாம் மாமா."

"வந்துதுன்னு சொல்லு."

"கணக்கு அதச் சொல்லாது மாமா."

"பின்ன எதுக்காக்கும் இந்தக் கணக்கு?"

கூட்டம் இறைச்சிக்கடைக்குக் கலைந்தது. ஒரு 'ஆமா' சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் அம்மா கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் நம்ம பிள்ள தூங்கல்லதானே மக்கா?"

சார் கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"தூங்கல்லம்மா. கணக்குல வந்திட்டு."

ஆதாரம் இல்லாமல் அவர் சொன்ன ஒரே விடை அதுதான். கோட்டாற்றுக்குத் திரும்பியதும் பலகையை உடைத்து அடுப்பில் வைத்தார். அதன்பிறகு சானல் பக்கமே போகவில்லை. அந்த விடையை நம்பவில்லையோ என்னவோ, அம்மாவும் கடைசி வரிசையை விட்டு எழுந்து வரவில்லை.

அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் யாராவது குதித்துச் சானலில் ஓர் அலை கிளம்பினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அது அடங்கும்வரை கூடவே நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.