பந்துடனான உண்மையான உறவுக்குச் சான்று

டிலுக்சனுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: மெல்பேர்ண் தென்கிழக்குத் தமிழ் கிரிட்அயன் கழகம் அவனை அணியில் வைத்திருக்கவும் இல்லை, வேறு அணிக்குப் போக விடவும் இல்லை.

அவன் சம்பளத்துக்கு விளையாடும் குவார்ட்டர்பாக். கிரிட்அயன் என்று இங்கே சொல்கிற அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தைக் கையில் வாங்கி, ஓடுகிற தன் ஆளைப் பார்த்து எறிகிறவன். போன சீசனில் அவன் எறிந்தவற்றில் பத்தொன்பது பந்துகள் எதிரணிக்காரரின் கைக்குப் போய்விட்டன. அதோடு அவனை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பொயிண்ட் குக்கில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் தோள் புடைத்த ஜேர்சியோடு வந்தார்கள். அடுத்த மாதம் ரோவிலில் ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தைக்கே ஹெல்மெட் போட்டிருந்தது. அதற்கடுத்த மாதம் கழகம் வந்தது. முதலில் யாப்பு, அதாவது கழகச் சட்டதிட்டம், எழுதினார்கள், பிறகு தலைவர், செயலாளர், மூன்று உபதலைவர்கள். பந்து கடைசியாக வாங்கினார்கள்.

குவார்ட்டர்பாக்கைக் காக்க முன்னால் ஐந்து தடியர்கள் நிற்க வேண்டும். கழகம் அந்த ஐவரையும் யாப்பின்படி தெரிவு செய்தது: மன்னாருக்கு ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு இருவர், தமிழ்நாட்டுக்கு ஒருவர், தலைவரின் மகன். எதிரணி பாய்ந்து வரும்போது ஐவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலில் மறிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நல்ல பிள்ளைகள். ஆகவே டிலுக்சன் அந்தப் பத்தொன்பதில் பாதியைப் புல்லில் மல்லாந்து கிடந்தபடிதான் எறிந்தான். விசாரணைக்குழு அறிக்கையில் ‘எறிந்தவரின் படுக்கை நிலை கேள்விக்குரியது’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்போதுதான் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். ஆறு கிழமைக்குள், அதாவது ஒன்றரை மாதத்துக்குள், பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும், தவறினால் இடம் இன்னொருவனுக்கு. டிலுக்சனுக்கு வயது இருபத்தாறு. இப்படி இன்னொரு அழைப்பு வராது என்று அவனுக்குத் தெரியும்.

தலைவர் யேசுராசா அங்கிள் ஒரு வரிக் கடிதம்தானே என்று பேனாவை எடுத்தார். செயலாளர் முரளிதரன் அந்தப் பேனாவை மெதுவாக வாங்கி மூடினார். அவர் ஐ.டி. மேனேஜர்.

“நீ நல்லா ஆடுறவன்னா உன்னை ஏன் விடணும்? மோசமா ஆடுறவன்னா சிட்னிக்காரங்களை நாங்க ஏன் ஏமாத்தணும்?”

“அப்ப எப்பிடி விளையாடினா விடுவீங்கள்?” என்றான் டிலுக்சன்.

“அதைத்தான் தம்பி அசெஸ் பண்ணணும்.”

இவ்வாறாக ‘மறுவாய்ப்புத் தகுதி மதிப்பீட்டு உபகுழு’ உதயமாயிற்று. ஒரு மனிதனை எப்படி மதிப்பிடுவது என்று உறுப்பினர்கள் யோசித்தார்கள். அவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காக மதிப்பிடப்பட்டிருந்தார்கள். அது இந்த நாட்டுக்கு விசா கேட்டபோது. ஆகவே அந்தப் படிவங்களையே தேடி எடுத்தார்கள். அறுபத்தைந்து புள்ளி எடுத்தால் கடிதம்.

வயதுக்குப் புள்ளி கிடைத்தது. ஆங்கிலத்துக்குப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். தான் இங்கே டண்டினோங்கில் பிறந்தவன், கனவே ஆங்கிலத்தில்தான் காண்கிறவன் என்று டிலுக்சன் சொல்லிப் பார்த்தான். கனவுக்குச் சான்றிதழ் இல்லை என்றார்கள். எழுதினான், ஏழு வேண்டிய எழுத்துத் தாளில் ஆறரை வந்தது. தனக்கும் முதல் தரம் ஆறரைதான் என்று யேசுராசா அங்கிள் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார். இரண்டாம் தரம் ஏழு எடுத்தான்.

பிறகு, இந்த வேலைக்கு உள்ளூரில் வேறு ஆள் இல்லை என்று காட்ட, தமிழ்க் கடைக் கண்ணாடியில் ‘குவார்ட்டர்பாக் தேவை’ என்று ஒட்டினார்கள். ஒரு அன்ரி மட்டும் தொலைபேசி எடுத்தார். பெடியன் நிரந்தர வதிவிடமா, எந்தக் கோயில் பங்கு, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான்கு கிழமை போயிற்று. ஐந்தாவது கிழமை, கணவன் மனைவி விசாப் படிவத்தை எடுத்துவந்து, விண்ணப்பதாரருக்கும் பந்துக்கும் இடையிலான உறவு ‘உண்மையானதும் தொடர்ந்து நீடிப்பதும்’ என்று நிரூபிக்கும்படி கேட்டார்கள். டிலுக்சன் பந்தோடு எடுத்த படங்களைக் கொடுத்தான். வெவ்வேறு உடுப்பில், குடும்ப உறுப்பினர்களுடனும் எடுத்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். நத்தார் விருந்தில், கிறிஸ்மஸ் மரத்தடியில், குடும்பத்தின் நடுவே பந்தை இருத்தி எடுத்துக் கொடுத்தான். பிறகு நேர்முகம்.

“வீட்டுக்கு இந்த உறவு தெரியுமா?”

“அம்மாவுக்குத் தெரியும். விருப்பமில்லை.”

முரளிதரன் கோப்பைப் புரட்டினார். “ஒரே சீசன்ல பந்து பத்தொன்பது தடவை வேற ஆளுங்ககிட்ட போயிருக்கு. அப்பவும் நீங்க இதை உறவுன்னு சொல்றீங்க?”

வீட்டுக்குப் போகிற வழியில் டிலுக்சன், பந்துக்குத் தன்மேல் எப்போதாவது உண்மையான விருப்பம் இருந்ததா என்று யோசித்துக்கொண்டு காரை ஓட்டினான். ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டிவிட்டான்.

சிட்னிக்காரர் குறித்த தவணைக்கு இரண்டு நாள் இருக்கையில் அவனுடைய தங்கை பிறின்சி, தான் வந்து கதைக்கிறேன் என்றாள். அவள் சட்டம் படிக்கிறவள். இன்றைக்குக் கோப்பை கழுவுவது யாருடைய முறை என்பதற்கே முன்தீர்ப்புக் காட்டுகிறவள். உபகுழுவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்கிள், கொழும்பில நீங்கள் எத்தினை தரம் கணக்காளர் சோதினை எடுத்தனீங்கள்?”

யேசுராசா அங்கிள் மேசையைப் பார்த்தார். “நாலு.”

“பாஸ் பண்ணினது?”

“இஞ்ச வந்துதான் பிள்ளை.”

அவள் திரும்ப முன்னரே முரளிதரன் தானாகச் சொன்னார். “சென்னையில என்னை டீம் லீடாக்கூட விடலம்மா. வந்த ரெண்டாவது வருஷம் இங்க மேனேஜர்.”

“பாருங்கோ. அங்க சரிவராமத்தானே நீங்கள் எல்லாரும் இஞ்ச வந்து இன்னொரு வாய்ப்பு எடுத்தனீங்கள். அண்ணா கேக்கிறது சிட்னிக்குப் போக மட்டும்தான். அதுவும் வேண்டாம் எண்டால், நீங்கள் என்ன நியாயத்தில இந்தக் கதிரையில இருக்கிறீங்கள்?”

முரளிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யேசுராசா அங்கிள் கண் கலங்கி, பிறின்சிக்கு ரோல்ஸ் தட்டை நகர்த்தி, பிள்ளை சொன்னது முழுக்கச் சரி என்றார். அன்றைக்கே டிலுக்சன் சூட்கேசை அடுக்கி, பந்தை மேலே வைத்து மூடப் பார்த்தான். மூடவில்லை, பிறின்சி ஏறி உட்கார்ந்து மூடினாள்.

தவணையின் கடைசி நாள் மத்தியானம் பதில் மின்னஞ்சலில் வந்தது. பிறின்சி வெற்றிக் குரலில் வாசிக்கத் தொடங்கினாள்:

“செல்வி பிறின்சி அவர்களின் வாதத்தை உபகுழு முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலிருந்த இடத்தில் சரிவராதவர் என்பதும், அதன் பின்னரே பிறிதோர் இடத்தில் வாய்ப்பளிக்கப்பட்டவர் என்பதும் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளன. அவ்வாறு வாய்ப்பளிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி இக்கழகத்தை எவ்விதம் நடத்தி வருகிறார்கள் என்பதையும் உபகுழு கவனத்தில் எடுத்தது. மெல்பேர்ணுக்கு நேர்ந்தது சிட்னிக்கும் நேர்வதற்கு உபகுழுவின் மனச்சாட்சி இடந்தரவில்லை. விண்ணப்பம் ஏகமனதாக நிராகரிக்கப்படுகிறது.”